பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து

போன மாதம் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். எங்கே போவதற்கு என்று கேட்காதீர்கள். எண்பதைத் தாண்டிய பிறகு நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவதே பஸ் ஏறுவதற்கு இல்லை, நாலு பேர் பேசுவதைக் கேட்பதற்கு. பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண், மடியில் குழந்தை, காதில் போன். துபாயிலிருந்து திருச்சியில் வந்து இறங்கிய புருஷனிடம் பேசுகிறாள் என்பது இரண்டாவது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அவள் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்:

“நீங்க வந்துட்டீங்கன்னு ஒங்க போன் முன்னாடியே வந்து சொல்லிருச்சு. அதுக்குச் சோறு போட்டாச்சு. ஒங்களுக்கு இல்லை.”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்த வசனத்தில் போன் என்று வரக் கூடாது, இருமல் என்று வர வேண்டும். எனக்குத் தெரியும். அறுபது வருஷத்துக்கு முன்னால் படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த வரியை எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

அப்போது நான் ஒரு பஸ் கம்பெனியில் புக்கிங் கிளார்க். சமஸ்தானம் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் பயணிகளில் பாதிப்பேர், ‘மகாராசா காலத்துல பஸ் இவ்வளவு லேட்டாகாது’ என்று என்னிடம்தான் குறைப்படுவார்கள். டீசல் வாடை, நனைந்த தார்ப்பாய் வாடை, காலை டிரிப்பில் வரும் மல்லிகைக் கூடை வாசம், இந்த மூன்றும் கலந்ததுதான் என் இருபத்திரண்டாம் வயது. எட்டாவதோடு நின்றவன் நான். மிச்சப் படிப்பெல்லாம் அந்தக் கவுண்டர் ஜன்னல் வழியாக வந்தது. யாராவது நன்றாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் குறித்துவைப்பேன். ஆட்டோடு ஏறிய ஒரு விராலிமலைக்காரர் கண்டக்டரிடம், “ஆட்டுக்கு டிக்கெட் கேக்குறீங்களே, எறங்குற எடம் அதுக்குத் தெரியுமான்னு மொதல்ல கேளுங்க” என்று சொன்னதைக் குறித்துவைத்து, அந்த ஷீட் மேனேஜர் மேஜைக்குப் போய், நான் பட்ட பாடு தனிக் கதை.

அப்படிக் குறிக்கப் போய்த்தான் சிகப்பி ஆச்சி பழக்கமானார்கள். திருமயத்துப் பக்கம் ஒரு ஊர். கடல் கடந்து வியாபாரம் செய்த குடும்பம். புருஷன் அடைக்கப்பன், அப்போது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட சைகோனில் ஒரு பெரிய கடையில் எழுத்து வேலை பார்த்தவர். மூன்று வருஷம் அங்கே, சில மாதம் இங்கே என்று வாழ்ந்து, உலகச் சண்டைக் காலத்தில் ஊர் திரும்பி, கொஞ்ச காலத்தில் காலமாகிவிட்டார். மகள் புதுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆச்சி வாரம் ஒருமுறை அவளுக்குத் தூக்குச்சட்டியில் குழம்பு வைத்து எங்கள் பஸ்ஸில் கொடுத்துவிடுவார்கள். ஒருநாள் மகளைப் பார்க்க நேரில் வந்தவர்கள், கவுண்டர் பக்கம் நின்ற கண்டக்டர் கருப்பையாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

“தம்பி, போன வாரம் நான் ஏத்திவிட்ட கொழம்பு பாதி வழியில எறங்கிருச்சாமே. எந்த ஸ்டாப்புல எறங்குச்சு?”

கருப்பையா தலையைச் சொறிந்தான். நான் எழுதிக்கொண்டேன். ஆச்சி பார்த்துவிட்டார்கள்.

“என்ன எழுதுறீக, கேசா?”

“இல்லீங்க ஆச்சி. நீங்க சொன்னது நல்லா இருந்துச்சு.”

“எங்க வீட்லயும் ஒருத்தருக்கு இந்தச் சீக்கு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அடுத்த முறை வரும்போது கையில் ஒரு சைகோன் பிஸ்கட் டின். திறந்தால் கற்பூரமும் துருவும் கலந்த வாசனை. உள்ளே கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு. “ஏதோ நாடகமாம். அவுக எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்கும், என்னால கூட்டிப் படிக்க முடியலை. எழுதுற சீக்கு உள்ள ஆளுகிட்டயே இருக்கட்டும்” என்றார்கள்.

அந்த நாடகத்தை நான் மத்தியானச் சாப்பாட்டை மறந்து படித்தேன். சாப்பாட்டை மறந்தேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும், என் உடம்பு அப்படி. கதை சின்னதுதான். வெளிதேசம் போன வியாபாரி ஒருவன் பல வருஷம் கழித்துத் திரும்புகிறான். பெண்டாட்டி தன்னை நினைத்துக்கொண்டு இருக்கிறாளா என்று சோதிக்க, வேற்று ஆள் மாதிரி வேஷம் போட்டு வாசலில் நிற்கிறான். அவள் அவன் இருமிய இருமலிலேயே ஆளைக் கண்டுகொள்கிறாள். ஆனால் கண்டுகொண்டதைக் காட்டிக்கொள்ளாமல் அவனைத் தண்ணீர் இறைக்க விட்டு, விறகு பிளக்க விட்டு, ராத்திரி மாட்டுக் கொட்டகையில் படுக்கச் சொல்கிறாள். கடைசியில்தான் வாசலில் நிறுத்திவைத்து, தெரியும் என்று சொல்கிறாள். நடுவில் வம்பு தேடும் ஒரு பக்கத்து வீட்டுக்காரன். அவ்வளவுதான். ஆனால் சிரித்து மாளாது.

எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு ஷெட்டில் நாடகம் போடுவோம். அந்த வருஷம் இதுதான் என்று முடிவாயிற்று. நோட்டீஸ் அடிக்கக் கொடுத்தவன் நான். நோட்டின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘அடைக்கப்பன்’ என்று கையெழுத்து இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதர் கையெழுத்துப் போட்டிருந்தால் என்ன நினைப்பீர்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். ‘நாடக ஆசிரியர்: சைகோன் அடைக்கப்பன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டேன்.

பூஜை அன்றைக்குச் சாயங்காலம். வாழைக்கன்றும் சந்தனமுமாக நின்ற இரண்டு பஸ்களை எதிரே திருப்பி நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டு மேடைக்கு வெளிச்சம் கொடுத்தோம். டிரைவர் ஒருவர் வியாபாரி. கருப்பையா பெண் வேஷம். ஆச்சி வரவில்லை. புருஷன் போன பிறகு கூத்து, நாடகம் என்று எங்கேயும் போனதில்லை. முன் பெஞ்சில் ஒரு பாதிரியார் உட்கார்ந்திருந்தார். காரைக்கால்காரர், விராலிமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மாதா கோயில் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சாமி என்போம். அவர் நாடகம் பார்க்க வந்தவர் இல்லை. அவர் ஊருக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர்தான் மேடையில் வியாபாரியாக நின்றுகொண்டிருந்தார். நாடகம் முடியாமல் பஸ் கிளம்பாது.

படுதாவுக்குப் பின்னாலிருந்து நான் ஒரு அதிசயத்தைப் பார்த்தேன். வியாபாரி வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சாமி சிரிக்கிறார். பக்கத்து வீட்டுக்காரன் எட்டிப் பார்ப்பதற்கு முன்னாலேயே தொடையைத் தட்டுகிறார். கூட்டம் சிரிக்கும்போது அவர் சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கருப்பையா பேசும்போது மட்டும் எல்லோரோடும் சேர்ந்துதான் சிரித்தார். அதைக் கவனித்தேனே தவிர, ஏன் என்று யோசிக்கிற புத்தி எனக்கு அப்போது இல்லை.

முடிந்ததும் படுதாவை விலக்கிக்கொண்டு வந்தார். “தம்பி, இது பழைய பிரெஞ்சு நாடகம். பன்னெண்டு வயசுல பாண்டிச்சேரிப் பள்ளிக்கூடத்துல நான் நடிச்சிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரன் வேஷம். நோட்டீஸ்ல யாரோ அடைக்கப்பன்னு போட்டிருக்கே?”

அதைக் கேட்டது நான் மட்டும் இல்லை, பக்கத்தில் மூன்று கண்டக்டர்கள். பஸ் கம்பெனியில் ஒரு சேதி எப்படிப் பரவும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் முதல் டிரிப்பில் புறப்பட்டு, எல்லா ஸ்டாப்பிலும் நின்று, ‘சைகோன் அடைக்கப்பன் வெள்ளைக்காரன் நாடகத்தைத் திருடித் தன் பேர் போட்டுக்கிட்டாராம்’ என்று அது திருமயம் போய்ச் சேர்ந்தது.

நாலாம் நாள் ஆச்சி கவுண்டர் முன்னால் நின்றார்கள். தூக்குச்சட்டி இல்லை.

“கல்யாண வீட்டுல பந்தியில ஒருத்தி கேக்குறா தம்பி, ஒங்க வீட்டுக்காரர் சைகோன்லேருந்து வேற என்னென்ன எடுத்தாந்தாகன்னு. பந்தியே சிரிச்சுச்சு. செத்துப்போன மனுசன் எந்திரிச்சு வந்து பதில் சொல்லுவாகளா? அவுக திருடுனாகளா இல்லையா, எனக்கு அது மட்டும் தெரியணும்.”

நான் நோட்டை எடுத்துக் கையெழுத்தைக் காட்டினேன். ஆச்சி பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். “எங்க வீட்டுப் பெட்டியில இருக்குற எல்லாத் தாள்லயும் இது இருக்கும். கடையில எதை நகல் எடுத்தாலும் நகல் எடுத்த ஆள் ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடணும். முப்பது வருசப் பழக்கம். சலவைக்குப் போட்ட துணியை எழுதி வச்சாக்கூட அடியில கையெழுத்துப் போடுவாக. தான் எழுதுனதா அவுக எங்க சொன்னாக? நீங்கதான நோட்டீஸ் அடிச்சீக.”

அவர் திருடவில்லை. திருடர் ஆக்கினவன் நான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் போன குன்றாண்டார்கோவில் ஆட்கள், தங்கள் ஊர்த் திருவிழாவில் போட வேண்டும் என்று கேட்டார்கள். வெளியே போடுவதென்றால் அரசாங்க ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும், நாடகப் பிரதியைக் கொடுக்க வேண்டும், பாரத்தில் ‘ஆசிரியர் பெயர்’ என்று ஒரு கட்டம். ‘தெரியவில்லை’ என்று எழுதிக் கொண்டுபோனேன். அங்கிருந்த குமாஸ்தா நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார்: “தம்பி, நாடகத்துல எதாச்சும் எசகுபிசகா இருந்தா ஒரு ஆளப் புடிக்கணும்ல? தெரியவில்லைங்கிறவன எங்க போயிப் புடிக்கிறது? பேரோட வாங்க.”

ஆக, இரண்டு பேருக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அரசாங்கத்துக்குப் பிடிப்பதற்கு. ஆச்சிக்குப் பந்தியில் தலைநிமிர்ந்து உட்காருவதற்கு.

சாமியிடம் போனேன். ஆச்சி வீட்டுப் பெட்டியின் அடியிலிருந்து பிரெஞ்சுப் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கரையான் அரித்து முதல் பத்துப் பக்கம் இல்லை. பெயர் இருந்திருந்தால் அங்கேதான் இருந்திருக்கும். சாமி பாண்டிச்சேரியில் இருந்த தன் பழைய வாத்தியாருக்குக் கடிதம் எழுதினார். பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் ஆச்சி குழம்பு அனுப்பவில்லை. கருப்பையாகூட வருத்தப்பட்டான்.

பதில் வந்த அன்றைக்கு ஆச்சியை அழைத்துக்கொண்டு மாதா கோயிலுக்குப் போனேன். வேப்ப மரத்து நிழலில் நாற்காலி போட்டு, சாமி கடிதத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த நாடகத்தை எழுதியது யார் என்று பிரான்சிலேயே யாருக்கும் தெரியாதாம். கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் என்று சிலர். மடத்துச் சாமியார் ஒருவர் என்று சிலர். ஊர் ஊராக வண்டி கட்டிப் போன கூத்தாடி ஒருவன் என்று சிலர். மூன்றுக்கும் சாட்சி கிடையாது. முதன்முதலில் அச்சடித்த புத்தகத்திலேயே பெயர் இல்லை. ஒவ்வொரு ஊரில் ஆடும்போதும் ஒவ்வொருவர் நாலு வரி சேர்த்திருக்கலாம். ஐந்நூறு வருஷமாகத் தேடுகிறார்கள், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்நூறு வருஷம். நம்முடைய பக்கத்தில் யார் யாரோ ஆண்டு, யார் யாரோ சண்டை போட்டு, பஸ் வந்து, டிக்கெட் வந்து, அத்தனை காலமும் எங்கோ ஒரு ஊரில் ஒரு பெண் ஒரு வேஷக்காரப் புருஷனை விறகு பிளக்க விட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். செய்தவன் பெயர்கூட விட்டுப் போகவில்லை. சிரிப்பை மட்டும் விட்டுப் போயிருக்கிறான்.

ஆச்சி கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்கள்: “அப்ப அவுக யார் வீட்டுப் பொருளை எடுத்தாக?”

“எடுக்கலைங்க அம்மா. நகல் எடுத்திருக்காரு. இன்னொருத்தர் சொன்னதத் திருப்பிச் சொல்றது திருட்டுன்னா, பூசையில நான் சொல்றது ஒண்ணுகூட என்னோடது இல்லை” என்றார் சாமி. பிறகு, எவ்வளவு பிரெஞ்சு, எவ்வளவு தமிழ் என்று ஒத்துப் பார்த்துவிட்டால் பாரத்தில் உள்ளபடியே எழுதலாம் என்றார்.

அப்படித்தான் அந்த மத்தியானம் தொடங்கியது. சாமி பிரெஞ்சில் ஒரு வரி வாசித்துத் தமிழில் சொல்வார். நான் நோட்டில் உள்ளதை வாசிப்பேன். ஆச்சி கண்ணை மூடிக் கேட்பார்கள். வியாபாரி பேசுவது வரிக்கு வரி பொருந்திற்று. பக்கத்து வீட்டுக்காரனும் பொருந்தினான். பெண்டாட்டி பேசும் இடம் வந்ததும் சாமி தடுமாறினார்.

“இங்க ஒண்ணும் இல்லையே. ‘அவள் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள்’னுதான் இருக்கு.”

“இங்க ஆறு பக்கம் இருக்குங்க சாமி.”

“வாசிங்க.”

நான் வாசித்தேன். “நீங்க வந்துட்டீகன்னு ஒங்க இருமல் முன்னாடியே வந்து சொல்லிருச்சு. அதுக்குச் சோறு போட்டாச்சு. ஒங்களுக்கு இல்லை.”

ஆச்சி கண்ணைத் திறந்தார்கள். “இன்னொரு தடவ வாசிங்க தம்பி.”

வாசித்தேன். அடுத்த வரிக்குப் போகப் பக்கத்தைத் திருப்பினேன். திருப்புவதற்குள் ஆச்சி சொன்னார்கள், மெதுவாக, யாரோ வாசலில் நிற்பது மாதிரி எதிரே பார்த்துக்கொண்டு:

“தொப்பி நல்லா இருக்கு. தலைதான் எங்கயோ பாத்த தலையா இருக்கு.”

நோட்டைப் பார்த்தேன். திருப்பிய பக்கத்தின் முதல் வரி அதுதான். ஒரு எழுத்து மாறவில்லை. நோட்டைச் சாமியிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, பிரெஞ்சுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“மொத மூணு வருசம் முடிஞ்சு வந்தப்ப, அவுக இப்பிடித்தான் கோட்டும் தொப்பியுமா, யாரோ ஆளு மாதிரி வாசல்ல நின்னாக. எனக்குப் பதினெட்டு வயசு. கோவத்துல வாய்க்கு வந்ததப் பேசுனேன். ஆறு பக்கத்துக்கா பேசியிருக்கேன்?”

வேப்பிலை ஒன்று நாற்காலியில் விழுந்தது.

சாமிதான் கேட்டார். “புத்தகத்தப் படிச்சுட்டு வந்து வாசல்ல நின்னாரா? இல்ல, இங்க நின்னுட்டுப் போயி, பெறகு புத்தகத்தப் பாத்தாரா?”

“அதை யாருகிட்டப் போயிக் கேக்குறது?” என்றார்கள் ஆச்சி.

சீமையில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் ‘சிரித்துவிட்டுக் கதவைச் சாத்துகிறாள்’ என்று எழுதிவிட்டுப் போகிறான். சைகோனில் ஒரு எழுத்துக்காரர் அந்த இடத்தில் நின்று, திருமயத்துப் பக்கத்து வாசலில் கேட்ட ஒரு குரலை, கடல் கடந்து கொண்டுபோய், ஒரு வரி சிந்தாமல் இறக்கி வைக்கிறார். நான் டிரிப் ஷீட்டில் கிறுக்கியதெல்லாம் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

வரும்போது பஸ்ஸில் கேட்டேன். “ஆச்சி, அன்னைக்கு நெசமாவே அய்யாவுக்குச் சோறு போடலையா?”

“போட்டேன். ரெண்டு தடவ” என்றார்கள். அதற்குமேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

பாரம் பாக்கி இருந்தது. நான் இப்படி எழுதினேன்: ‘ஆசிரியர்: பிரெஞ்சு தேசத்தில் பெயர் தெரியாத ஒருவர். தமிழில் எடுத்தவர்: காலஞ்சென்ற அடைக்கப்பன்.’ குமாஸ்தாவின் கேள்வி அப்படியே நின்றது. ஒருவர் பெயர் இல்லாதவர், ஒருவர் உயிரோடு இல்லாதவர். பிடிப்பதற்கு ஆள் யார்?

ஆச்சியிடம் படித்துக் காட்டினேன். “அந்த ஆறு பக்கம் நான் பேசுனதுதான? என் பேரைப் போடுங்க. வந்து புடிச்சுட்டுப் போகட்டும்” என்றார்கள். பிறகு பிரதியை வாங்கி, கவுண்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘சிகப்பி’ என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார்கள். அறுபது பக்கத்துக்கு மேல் இருக்கும். வேண்டாம், கடைசிப் பக்கத்தில் போட்டால் போதும் என்றேன். “கடை வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார்கள். எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி எழுதி, திருமயம் பஸ் இரண்டு போய்விட்டது. மூன்றாவதைக் கருப்பையா கிளப்பாமல் நிறுத்திவைத்தான். எந்தப் பயணியும் சத்தம் போடவில்லை.

குமாஸ்தா பக்கம் பக்கமாகப் புரட்டினார். “யாருங்க இது, எல்லாத்துலயும்?”

“புடிக்கணும்னா இவுகளத்தான் புடிக்கணுங்க.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்.

குன்றாண்டார்கோவிலில் பொழுது சாயும் நேரத்தில் நாடகம். ஆச்சி வந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, “புடிக்க வந்தா நான் அங்க இருக்கணும்ல” என்றார்கள். மேடைப் பக்கம் வராமல், ஓரத்தில் நிறுத்தியிருந்த எங்கள் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து, தார்ப்பாயைப் பாதி இறக்கி விட்டுக்கொண்டார்கள். கருப்பையா இருமல் வசனத்தைச் சொன்னதும் ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் படுதா இடுக்கு வழியாக பஸ்ஸைப் பார்த்தேன். தார்ப்பாய்க்குக் கீழே ஒரு கை மட்டும் தெரிந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கை. சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அது அசையவில்லை.

அதற்குப் பிறகு பந்தியில் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று ஒருநாள் சொன்னார்கள். குழம்பு மறுபடி பஸ் ஏறியது, வழக்கம்போலப் பாதி வழியில் இறங்கியது.

இப்போது அந்த ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடைகள். கம்பெனி கைமாறி, பெயர் மாறி, பிறகு அதுவும் இல்லை. சாமி மாற்றலாகிப் போனார், கருப்பையா போனான், ஆச்சியும் போய்விட்டார்கள். ஆச்சி வீட்டில் இப்போது மெட்ராஸிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை யாரோ வந்து பூட்டைத் திறந்து பூட்டுகிறார்கள். நோட்டை நான் பத்திரமாகத்தான் பரண்மேல் வைத்தேன். ஒரு மழையில் ஓடு ஒழுகி, பிஸ்கட் டின்னைத் திறந்தபோது அடையாக ஒட்டிக்கிடந்தது. ஆபீசுக்குக் கொடுத்த பிரதி, அந்த அறுபது கையெழுத்து, எந்தக் கட்டில் கிடந்து எப்போது எரிந்ததோ.

பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண் போனை வைத்ததும் கேட்டேன். “இப்பச் சொன்னியே தாயி, சோறு போட்டாச்சுன்னு, அது எங்க கேட்டது?”

கிழவன் ஒட்டுக் கேட்டுவிட்டான் என்று அவளுக்குச் சிரிப்பு. “எங்க மாமியா சொல்றதுங்க அய்யா. எங்க ஊர்ப் பக்கம் எல்லாரும் சொல்லுவாங்க.”

“எந்த ஊரு?”

“குன்னாண்டார்கோயில்.”

“மொதல்ல யாரு சொன்னதுன்னு தெரியுமா?”

“அதெல்லாம் யாருக்குங்க தெரியும்” என்றாள். அவள் பஸ் வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு ஓடினாள். எனக்குச் சொல்ல ஒரு பெயர் இருந்தது. சட்டைப்பையில் பேனாவும் இருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்தவள் திரும்பி, ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, கண்ணாடியைச் சாத்தினாள்.